புள்ளி விழாத பேனா: மலிவு ஊற்றுப்பேனாவின் கோளாறுகளை அறிந்து நீக்கும் வழிமுறை

தமிழில் எழுதுகிறவருக்கு ஊற்றுப்பேனாவின் கோளாறு முதலில் புள்ளியில்தான் தெரியும். கோடு இழுக்கும்போது முள் தாளை விட்டு விலகாமல் ஓடுவதால் மை தொடர்ந்து வருகிறது. மெய்யெழுத்தின் தலையில் புள்ளி வைக்கும்போது முள்ளைத் தூக்கி, ஒரு கணம் மட்டும் தாளைத் தொட்டு எடுக்கிறோம். அந்த ஒரு கணத்தில் மை இறங்காவிட்டால் 'பக்கம்' என்று எழுதியது 'பககம' என்று நிற்கும். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எது மெய், எது உயிர்மெய் என்று பதிப்பாசிரியர்கள் இடம் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். தாளில் எழுதும் நமக்கு அந்தப் பாடு தேவையில்லை.

கடையில் பேனாவைச் சோதிக்கும் எல்லாரும் வளையம் வளையமாகக் கிறுக்கிப் பார்க்கிறார்கள். அப்படிக் கிறுக்கினால் சுமாரான பேனாவும் நன்றாகவே எழுதும். நான் எழுதிப் பார்க்கும் வரி இது: 'கண்ணப்பன் வீட்டுத் தோட்டத்தில் வாழைப்பழம் பழுத்தது.' இதில் புள்ளிகள் நிறைய உண்டு. ணகரத்தின் சுழிகளும் ழகரத்தின் வாலும் உண்டு. கீழிருந்து மேலே முள்ளைத் தள்ளி எழுதவேண்டிய பகரம் ஐந்து இடங்களில் வருகிறது. இதைப் பத்துமுறை எழுதினால் பேனாவைப் பற்றித் தெரியவேண்டியதில் பெரும்பகுதி தெரிந்துவிடும்.

இங்கே நான் பேசுவது சிங்கப்பூரில் சுமார் ஐம்பது வெள்ளிக்குள் கிடைக்கும் பேனாக்களைப் பற்றி. பிளாட்டினம் பிரெப்பி, பைலட் ககுனோ, பைலட் மெட்ரோபாலிட்டன், லாமி சஃபாரி, சீனத்து ஜின்ஹாவ் போன்றவை இந்த வகை. எல்லாவற்றிலும் எஃகு முள்தான். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் கடைகளில் நேரில் தொட்டுப் பார்த்து வாங்கலாம். இணையத்தில் வாங்குவோரும் உண்டு. வாங்கிய வாரத்திலேயே 'இது சரியில்லை' என்று மேசை இழுப்பறைக்குள் போடப்படும் பேனாக்களில் பல நல்ல பேனாக்கள். குற்றம் மையிலோ, தாளிலோ, பிடிக்கும் கையிலோ இருக்கும். அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் பேனாவுக்குத் தீர்ப்பு எழுதக்கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எதற்கும் முன்னால்: கழுவுங்கள்

புதுப் பேனாவின் உள்ளே தயாரிப்பின்போது ஒட்டிய எண்ணெய்ப் பசை மிச்சம் இருக்கலாம். எண்ணெய் இருக்கும் இடத்தில் மை ஒட்டாது. ஒரு குவளைக் குழாய்த் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு, முள்ளும், விரல் பிடிக்கும் கழுத்தும் மூழ்கும்படி வைத்துத் தண்ணீரைச் சில முறை உள்ளே இழுத்து வெளியேற்றுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் நுரை போகும்வரை அலசுங்கள். வெந்நீர் வேண்டாம், பிளாஸ்டிக் கோணிக்கொள்ளும். ஸ்பிரிட் போன்ற சாராய வகைத் திரவங்களும் வேண்டாம். முள் கீழே பார்க்கும்படி மெல்லிய காகிதத்தில் நிறுத்தி ஓர் இரவு விடுங்கள்.

இன்னொரு கட்டுப்பாடு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மையையும் தாளையும் சேர்த்து மாற்றிவிட்டால், எது குணப்படுத்தியது என்று தெரியாது.

மை இருக்கிறது, ஆனால் எழுதவே இல்லை

கார்ட்ரிட்ஜ் (மை அடைத்து வரும் சிறு குழாய்) போட்டிருந்தால் அது முழுதாகக் குத்துப்பட்டதா என்று பாருங்கள். சற்று அழுத்தித் தள்ளும்போது 'டக்' என்ற உணர்வு வரவேண்டும். பைலட், பிளாட்டினம், லாமி மூன்றும் தத்தமக்கெனத் தனி அளவில் கார்ட்ரிட்ஜ் செய்கின்றன. ஒன்றின் குழாய் மற்றொன்றில் சேராது. சேர்ந்ததுபோல் நின்றாலும் ஓரத்தில் கசியும்.

கன்வெர்ட்டரில் (குப்பியிலிருந்து மை இழுத்து நிரப்பும் குழாயில்) மை நிரப்பியிருந்தால், அதை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். குழாய் குறுகலாக இருப்பதால் மை பின்பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு, முள் பக்கம் காற்று மட்டும் நிற்பதைக் காணலாம். மையின் மேற்பரப்பு இழுவிசை செய்யும் வேலை இது. பிளாட்டினம் தன் கார்ட்ரிட்ஜுக்குள் சிறிய எஃகு உருண்டை ஒன்றைப் போட்டிருப்பது இந்தப் பிடிப்பை உடைக்கவும் உதவுகிறது. உருண்டை இல்லாத கன்வெர்ட்டரை விரலால் இரண்டு தட்டு தட்டினால் போதும். பள்ளி நாட்களில் செய்ததுபோலப் பேனாவை ஓங்கி உதறாதீர்கள். முள்ளுக்கு அடியில் உள்ள கறுப்புக் கட்டையின் பள்ளங்களில் மை நிரம்பி, அடுத்த வரியில் சொட்டாக விழும்.

முதல் எழுத்து விழவில்லை, புள்ளி விழவில்லை

ஒன்றுபோலத் தோன்றினாலும் இவை இரண்டு வெவ்வேறு நோய்கள். பேனா ஓய்வில் இருந்து எடுத்தபோது மட்டும் எழுத மறுக்கிறதா, எழுதிக்கொண்டிருக்கும்போதே புள்ளி தவறுகிறதா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுக்குப் பின் மட்டும் மறுத்தால் முள் உலர்ந்துபோகிறது என்று பொருள். நம் அலுவலகங்களில் குளிர்சாதனக் காற்று மேசைமேல் நேராக இறங்கும். மூடி திறந்த பேனா சில நிமிடங்களில் நுனி உலர்ந்துவிடும். யோசிக்கும்போது மூடிவைக்கும் பழக்கம் இதற்குப் போதும். மூடி வைத்த பேனாவும் காலையில் எழுதவில்லையென்றால் மூடியைச் சந்தேகியுங்கள். மூடியின் வாயை உதட்டில் பொருத்தி மெல்ல ஊதுங்கள். காற்று வழிந்து போனால் கிளிப் இருக்கும் இடத்திலோ உச்சியிலோ இடைவெளி இருக்கிறது. சில பேனாக்களில் அங்கே வேண்டுமென்றே துளை வைத்திருப்பார்கள், சிறுவர்கள் விழுங்கினாலும் மூச்சு அடைக்காமல் இருக்க. அப்படியானால் உள்ளே தனியாக ஓர் உள்மூடி இருக்கவேண்டும். பிரெப்பியில் அந்த உள்மூடி வில்லோடு வருகிறது. ஓராண்டு தொடாமல் வைத்தாலும் மை உலராது என்பது அதைச் செய்யும் நிறுவனத்தின் கணக்கு. அடிக்கடி எழுதாதவருக்கு, இத்தனை மலிவான பேனாவில் இப்படி ஒரு வசதி கிடைப்பது பெரிய விஷயம். மூடியில் விரிசல் இருந்தால் வீட்டில் செய்யும் வைத்தியம் எதுவும் நிலைக்காது, மாற்றித்தான் ஆகவேண்டும்.

இரண்டாவது நோய் நுட்பமானது. எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள், கோடுகள் ஒழுங்காக வருகின்றன, ஆனால் மூன்று புள்ளிக்கு ஒன்று காணாமல் போகிறது. சற்று அழுத்தினால் வருகிறது. இதைக் கண்டால் முள்ளின் நுனியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்குவது போதும். நடுவே உள்ள பிளவின் இரு ஓரங்களும் அளவுக்கு மீறி உருட்டப்பட்டு, பிளவின் வாய் தாளைத் தொடாமல் மேலே நிற்பது தெரியும். மை பிளவின் உள்ளே தயாராக நிற்கிறது. தாளுக்கும் அதற்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி. அழுத்தும்போது நுனி விரிந்து மை தொடுகிறது. வழுவழுவென்று இருக்கவேண்டும் என்பதற்காக மிகையாக மெருகேற்றிய முள்களில் இந்தக் குறை வரும். எனவே கடையில் தொட்டவுடன் வெண்ணெயாக வழுக்கும் முள்ளைக் கண்டு மயங்காமல், இருபது புள்ளி வைத்துப் பாருங்கள்.

தீர்வு? இன்னும் தாராளமாக ஓடும் மையைப் போட்டுப் பாருங்கள். பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும். சரியாகாவிட்டால், மாற்றித் தரும் கடையாக இருந்தால் மாற்றுங்கள். மாற்ற வழியில்லை, பேனாவும் மலிவானது என்றால் மட்டும் 12000 எண் கொண்ட மிக நுண்ணிய மெருகுத் தாளில், எழுதும் கோணத்திலேயே பிடித்து, அழுத்தாமல் நாலைந்து முறை எட்டுப் போடுங்கள். தண்ணீர் தொட்டுத் துடைத்து எழுதிப் பாருங்கள். தேய்த்ததைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது என்பதால் நாலைந்துக்கு மேல் ஒரே மூச்சில் போகாதீர்கள்.

பக்கத்தின் மேல்பாதியில் எழுதுகிறது, கீழ்பாதியில் விட்டு விட்டு எழுதுகிறது

இதை நான் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. தினமும் இரவில் வீட்டில் நாட்குறிப்பு எழுதுவேன். முதல் பத்து வரி அருமையாக வரும். அதன்பின் எழுத்துகள் அங்கங்கே வெளுத்து, வளைவுகளில் பாதி காணாமல் போகும். கழுவினேன், மையை மாற்றினேன், முள்ளைச் சோதித்தேன். எதிலும் குறையில்லை. ஒரு நாள் தற்செயலாகத் தாளைத் தலைகீழாகத் திருப்பி எழுதத் தொடங்கியபோது, முதல் வரியிலேயே தடுமாறியது. அப்போதுதான் புரிந்தது. மேல்பாதியை எழுதும்போது என் உள்ளங்கையின் ஓரம் கீழ்பாதியில் படிந்து கிடக்கிறது. இந்த ஊர்ப் புழுக்கத்தில், மின்விசிறி மட்டும் சுழலும் அறையில், கையின் வியர்வையும் எண்ணெயும் தாளில் இறங்கிவிடுகின்றன. எண்ணெய் பட்ட இடத்தில் நீரால் ஆன மை பிடிக்காது.

கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொண்டு எழுதுங்கள். பழைய காலத்து ஒற்றுத்தாள் கிடைத்தால் இன்னும் நல்லது. அன்றிலிருந்து அந்தப் பேனா ஒரு புள்ளியும் தவறவிட்டதில்லை. கையில் ஈரப்பசைக்கு ஏதாவது கிரீம் பூசும் பழக்கம் உள்ளவர்கள் எழுதி முடித்தபின் பூசிக்கொள்ளுங்கள். மெருகு பூசிய வழவழப்பான குறிப்பேடுகளில் இந்தத் தொல்லை இன்னும் கூடுதலாகத் தெரியும்.

பகரம் எழுதும்போது கீறுகிறது

எல்லாத் திசையிலும் கீறினால் மை போதவில்லை அல்லது தாள் சொரசொரப்பு. ஒரே திசையில் மட்டும் கீறினால், பிளவின் இருபுறமும் உள்ள முள்ளின் இரண்டு இதழ்களும் ஒரே மட்டத்தில் இல்லை. பகரம் இதற்கு நல்ல சோதனை, ஏனென்றால் அதன் இடக்கோடு கீழே இறங்கும், அடிக்கோடு வலப்புறம் போகும், வலக்கோடு மேலே ஏறும். எந்தக் கோட்டில் முள் தாளைக் கொத்துகிறது என்று உடனே தெரியும்.

முள்ளை நுனி உங்களைப் பார்க்கும்படி பிடித்து, வெளிச்சத்தில் உருப்பெருக்கியால் பாருங்கள். ஓர் இதழ் மற்றதைவிடத் தாழ்ந்து இருந்தால், உயர்ந்து நிற்கும் இதழை நகத்தால் மெல்லக் கீழே அழுத்தி இரண்டு நொடி வைத்திருந்து விடுங்கள். பாருங்கள், எழுதுங்கள், தேவையென்றால் மறுபடி செய்யுங்கள். எஃகு திரும்பி வரும் குணமுடையது. ஐந்தாறு முறை பொறுமையாகச் செய்யவேண்டியிருக்கும். இடுக்கியை எடுக்கவேண்டாம். லாமி சஃபாரியாக இருந்தால் முள்ளைத் தனியாகவே கழற்றி மாற்றலாம், தனி முள்ளும் விற்கிறார்கள்.

இதழ்கள் சமமாக இருந்தும் கீறினால் கையைப் பாருங்கள். பல ஆண்டு பந்துமுனைப் பேனா பிடித்தவர்கள் பேனாவைச் செங்குத்தாக நிறுத்தி அழுத்துவார்கள். எழுதும்போதே அதை விரல்களுக்குள் உருட்டியும் விடுவார்கள். ஊற்றுப்பேனா சாய்ந்து, முள்ளின் முகம் மேலே பார்த்தபடி, தன் எடையிலேயே எழுதவேண்டும். 2013இல் வந்த ககுனோவின் முள்ளில் ஒரு சிரித்த முகம் பொறித்திருப்பார்கள். அந்த முகம் நம்மைப் பார்த்தபடி இருந்தால் பிடி சரி. 1980இல் வந்த சஃபாரியின் கழுத்தில் இரண்டு பக்கமும் செதுக்கியிருப்பதும் விரல்களை அதே இடத்தில் நிறுத்துவதற்காகத்தான். இரண்டுமே எழுதப் பழகும் பிள்ளைகளை மனத்தில் வைத்துச் செய்தவை. பெரியவர்களுக்கும் அவை நல்ல ஆசிரியர்கள்.

ணகரமும் னகரமும் ஒன்றுபோல் தெரிகின்றன

பள்ளியில் தமிழ் கற்பிக்கும் அக்கா ஒருவர் தம் பேனாவைக் கொண்டுவந்து சொன்ன குறை இது. சுழிகள் மையால் அடைந்து, ணகரத்தில் எத்தனை சுழி என்று மாணவர்களால் எண்ண முடியவில்லை. பேனாவில் கோளாறு எதுவும் இல்லை. முள்தான் அவருடைய எழுத்தின் அளவுக்குத் தடித்தது. ஐரோப்பிய அளவில் எம் (நடுத்தரம்) என்று குறித்த முள்ளை வாங்கியிருந்தார். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்துவிட்டு வாங்குவதால் வரும் பிழை இது. ஒரே எழுத்துக்குள் இரண்டு மூன்று சுழி போடும் மொழிக்கு மெல்லிய முள் வேண்டும். ஒரே எஃப் (மெல்லியது) குறியிட்டாலும் ஜப்பானிய முள் ஐரோப்பிய முள்ளைவிடப் பொதுவாக ஒரு படி மெல்லியது. சிறிய எழுத்துக்காரர்கள் ஜப்பானிய எஃப், அல்லது ஐரோப்பிய இஎஃப் (மிக மெல்லியது) வாங்குங்கள். 'ணை', 'ழூ', 'ஞ்' மூன்றையும் உங்கள் வழக்கமான அளவில் எழுதி, உள்வெள்ளை தெரிகிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். அக்கா இப்போது ககுனோவில் எஃப் முள்ளால் எழுதுகிறார்.

மை ஊறுகிறது, பின்பக்கமும் தெரிகிறது

எழுத்தின் ஓரத்தில் வேர்விட்டதுபோல மை பரவினால் முதல் சந்தேகம் தாள்மேல் விழவேண்டும். தாளுக்கு நீர் உறிஞ்சாதபடி ஒரு பசைப்பூச்சு உண்டு. மலிவுத் தாளில் அது குறைவு. சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். விடியுமுன் 90ஐத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். திறந்த அலமாரியில் மாதக்கணக்கில் கிடக்கும் தாள் இந்த ஈரத்தை வாங்கிக்கொண்டு, வாங்கிய புதிதில் ஊறாத மையையும் ஊறவிடும். அதே நோட்டின் நடுத்தாளிலும் ஓரத்தாளிலும் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால், தாள்களை இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு வையுங்கள்.

தாளை மாற்ற முடியாத இடத்தில், அலுவலகப் படிவம் போல, குறைவாக ஓடும் மையைப் பயன்படுத்துங்கள். பெலிக்கன் 4001 அப்படிப்பட்டது. புள்ளி தவறும் பேனாவுக்கு இதே மை ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பேனா கக்குகிறது

பையில் இருந்து எடுக்கும்போது மூடிக்குள் மை நிறைந்திருக்கிறது. உடைந்த பேனா என்று முடிவுகட்டுவதற்கு முன், அன்று எங்கெங்கே போனீர்கள் என்று யோசியுங்கள். அலுவலக அறை 23 டிகிரி, வெளியே நடைபாதையில் 33 டிகிரி. பேனாவுக்குள் இருக்கும் காற்று இந்தப் பத்து டிகிரிக்குச் சுமார் 3 சதவீதம் விரியும். கன்வெர்ட்டரில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கும் குறைவான காற்றுதான் இருக்கும். அது விரிந்தால் தள்ளும் மையைக் கட்டையின் பள்ளங்களே தாங்கிக்கொள்ளும். பேனாவின் உடலிலேயே நேராக மை ஊற்றி எழுதுகிறவர்களுக்குத்தான் ஆபத்து. அங்கே 2 மில்லி காற்று இருந்தால், விரிவு ஒரு முழுத் துளிக்கும் மேலான மையை வெளியே தள்ளும். கையின் சூடும் அதோடு சேரும். ஆகவே இந்த ஊரில் நேராக மை ஊற்றும் பேனாவைப் பாதி காலியாக விடாமல் நிரப்பியே வையுங்கள், சட்டைப்பையில் முள் மேலே பார்க்க நிறுத்துங்கள்.

விமானத்தில் இது பல மடங்கு. பயணிகள் அறைக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்காகக் குறையக்கூடும். அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியும். சென்னைக்குப் போகும் நாலு மணி நேரத்துக்குப் பேனாவை முழுதாக நிரப்புங்கள் அல்லது முழுதாகக் காலி செய்யுங்கள்.

வெயிலும் இல்லை, பயணமும் இல்லை, மேசைமேல் கிடந்த பேனா கக்கினால் கன்வெர்ட்டரின் வாய் தளர்ந்திருக்கும், அல்லது கழுத்தில் விரிசல். கழுத்தைத் துடைத்து மெல்லிய காகிதத்தைச் சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். எந்த இடத்தில் நீலம் படிகிறதோ அங்கேதான் வழி.

மையில் ஏடு படிந்திருக்கிறது

குப்பியைத் திறந்தால் மேலே வெண்மையாக ஏடோ நூலோ மிதக்கிறது, ஈரத்துணி வாடை வருகிறது என்றால் பூஞ்சை. வடிகட்டிப் பயன்படுத்த நினைக்காதீர்கள், குப்பியோடு எறியுங்கள். அந்த மை போன பேனாக்கள் அனைத்தையும் ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஓரிரு நிமிடம் அலசி, உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். அம்மோனியா கலந்த எதையும் இதோடு சேர்க்கவே கூடாது, நச்சு வாயு எழும். பேனாவில் மிஞ்சிய மையைத் திரும்பக் குப்பியில் ஊற்றும் பழக்கத்தால்தான் பெரும்பாலும் இது வருகிறது.

ஓவியத்துக்கு விற்கும் இந்தியன் இங்க் என்ற அரக்கு கலந்த மையை ஊற்றுப்பேனாவில் ஊற்றாதீர்கள். அது உலர்ந்தால் கட்டை நிரந்தரமாக அடைந்துவிடும். தேர்வெழுதும் பிள்ளைகளுக்குக் கருநீலம் அல்லது கறுப்பு போதும். நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மழையில் புத்தகப்பை நனையும் என்பதால், நீரில் கரையாத மையா என்று ஒரு துளித் தண்ணீர் விட்டுச் சோதித்துக்கொடுங்கள்.

கழுவியும் மாற்றியும் சரியாகவில்லை

வேறு மை, வேறு தாள், வேறு கை என மூன்றையும் ஒவ்வொன்றாக மாற்றியபின்னும் அதே குறை அதே இடத்தில் வந்தால் பேனாவைத் திருப்பிக் கொடுங்கள். முனையில் உள்ள சிறு மணி ஒரு பக்கம் உடைந்திருப்பது, கழுத்து விரிசல், மூடி பிடிக்காமல் சுழல்வது ஆகிய மூன்றையும் கண்டவுடனே திருப்பலாம், இத்தனை சோதனை வேண்டியதில்லை. ரசீதோடு, சோதனை வரியை எழுதிய தாளையும் எடுத்துப் போங்கள். தவறிய புள்ளிகளைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டினால், தமிழ் தெரியாத கடைக்காரருக்கும் மை எங்கே நின்றது என்பது விளங்கும்.